அசரியா யாருடைய ஆள்?

மெரினாவில் கால்டுவெல்லுக்குச் சிலை உண்டு. ஜி.யு. போப்புக்கும் உண்டு. இடையன்குடியில் கால்டுவெல் குடியிருந்த வீட்டை அரசே நினைவு இல்லமாக்கி வைத்திருக்கிறது. ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர், மற்றவர் கனடாவில் பிறந்தவர். இருவரும் தமிழுக்கு உழைத்தார்கள். தமிழ்நாடு அவர்களைத் தன் வீட்டு ஆட்களாக்கிக்கொண்டது. நல்ல காரியம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வழக்கு வேறு.

அதே தேரிக்காட்டுச் சீமையில், மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை என்றொரு ஊர். பனையும் செம்மணலும் கோயில் கோபுரமுமாக இருக்கும். 1874 ஆகஸ்ட் 17 அன்று அங்கே ஒரு குருவானவர் வீட்டில் பிறந்த பையன், 38 வயதில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர், அதாவது பிஷப், ஆனார். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 2024-ல் அவர் பிறந்து 150 வருஷம் நிறைந்தது. எங்கள் சபைகளில் ஆராதனை நடந்தது, மலர் அச்சடித்தார்கள், பேச்சாளர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே யாரும் அவரைப் பற்றி வாய் திறந்ததாக எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். கால்டுவெல் யாரென்று கேட்டால் என் பிள்ளைகள் வரிசையாகக் கை தூக்குவார்கள். அசரியா யாரென்று கேட்டால், குருவானவர் வேதநாயகத்தின் மகன் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

காரணத்தை யோசித்துப் பார்த்தால் விளங்குகிறது. அவரை யார் பட்டியலிலும் சேர்க்க முடியவில்லை. தேசியவாதிகளுக்கு அவர் காந்தியோடு மல்லுக்கு நின்றவர். திராவிட இயக்கத்தாருக்கு அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. இலக்கணம் எழுதவில்லை, ஒப்பியல் ஆராய்ச்சி செய்யவில்லை, உழைத்ததெல்லாம் தெலுங்கு நாட்டில். தெலுங்கருக்கோ அவர் தமிழர். தலித் அரசியல் பேசுகிறவர்களுக்கு அவர் நாடார் குடும்பத்தில் பிறந்தவர். மிச்சம் இருப்பது திருச்சபை. திருச்சபை அவரை வைத்திருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு சட்டம் போட்ட படமும், ஒரு மேடைப் பேச்சின் கடைசி வரியுமாக வைத்திருக்கிறது.

அந்தப் பேச்சைச் சொல்லிவிடுகிறேன். 1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. 1,200-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். அதில் ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அசரியாவுக்கு அப்போது 35 வயது, குருப்பட்டம் பெற்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்நிய மிஷனெரிகளும் உள்ளூர் ஊழியர்களும் ஒத்துழைப்பது எப்படி என்பது அவருக்குக் கொடுத்த தலைப்பு. இப்படிப்பட்ட மேடையில் ஏற்றப்படும் விருந்தாளி, எங்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்தீர்கள் என்று நாலு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு இறங்குவதுதான் முறை. இவர் நன்றியும் சொன்னார், கணக்கும் கேட்டார். ஒரே ஊரில் வருஷக்கணக்காகக் கூட வேலை செய்தும் இந்திய ஊழியரை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடாத மிஷனெரிகள் இருக்கிறார்கள் என்றார். எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது சம்பளம் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்ற உறவு மட்டும்தான் என்றார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் உடம்பையே கொடுத்தீர்கள், அதை இந்தியத் திருச்சபை மறக்காது; ஆனால் எங்களுக்கு வேண்டியது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்கிற பொருளில் முடித்தார்.

சபையில் சிலர் மெய்மறந்து கேட்டார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். வந்த இடத்தில் வீட்டுக் குறையைப் பேசுகிறானே என்று நினைத்த மிஷனெரிகள் இருந்திருப்பார்கள்தானே. ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்ட அத்தனை பேச்சிலும் இன்றைக்கு உலகம் ஞாபகம் வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான்.

எங்கள் பக்கத்துப் பிரசங்கிகள் இதை விடாமல் சொல்வார்கள். சொல்லும்போது குரல் உயரும். வெள்ளைக்காரனையே கேட்டார் எங்கள் ஆள் என்ற பெருமை. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற கேள்வி இப்போது யாரை நோக்கி வருகிறது? அதை மட்டும் யாரும் பிரசங்கத்தில் சேர்ப்பதில்லை. அசரியா அதைத் தம் ஜனங்களை நோக்கியும் திருப்பினார் என்பதும், எடின்பரோவில் பேசுவதற்கு முன்பே திருப்பிவிட்டார் என்பதும்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அவர் தகப்பனார் தாமஸ் வேதநாயகம் இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். மெஞ்ஞானபுரத்து மிஷனெரி ஜான் தாமஸின் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டவர். தாயார் எலன், நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயரிட்டார். 1889-ல் தகப்பனார் காலமானபோது பையனுக்குப் பதினைந்து வயது நிரம்பியிருந்தால் அதிகம். மெஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளியில் படித்த காலத்திலேயே மாணவர்களுக்கிடையே இருந்த சாதி வேற்றுமையை எதிர்த்து ஒரு சங்கம் தொடங்க அவர் துணையாக இருந்திருக்கிறார். அது எந்தக் காலம் என்று பார்க்க வேண்டும். நாடார்கள் கோயிலுக்குள் போகக் கூடாது, குறிப்பிட்ட தெருவில் நடக்கக் கூடாது என்ற காலம். 1899-ல் சிவகாசிக் கலவரம் நடந்தபோது அவருக்கு 24 வயது. மேலே இருப்பவர்கள் தள்ளிவைத்த ஒரு சாதியில் பிறந்தவர், தன் சாதிக்குக் கீழே யாரைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று பார்ப்பது அபூர்வம். மேலே பார்த்துக் கோபப்பட எல்லாருக்கும் தெரியும்.

திருநெல்வேலியிலிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். கணிதம் எடுத்தார். கடைசிப் பரீட்சை நேரத்தில் காய்ச்சலில் விழுந்தார். பிறகு அதை எழுதவே இல்லை. பட்டம் இல்லாத இந்த மனிதருக்குப் பின்னால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது வேறு கதை. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னாடு முழுக்கச் சுற்றினார். ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் அவருக்கு உயிர்த்தோழரானது இந்தக் காலத்தில்தான். எடின்பரோவில் நண்பர்களைக் கேட்டவர், நட்பு எப்படி இருக்கும் என்று ருசி பார்த்துவிட்டுத்தான் கேட்டார். 1898-ல் அன்பு மரியம்மாளைக் கல்யாணம் செய்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை முதலில் எட்டியவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். ஆடம்பரமில்லாத கல்யாணம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஓடும் கணக்கைப் பார்த்தால் அந்தத் தகவலைத் தனிப் பிரசங்கமாகவே வைக்கலாம்.

1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து, தாங்களே ஆள் அனுப்பி ஊழியம் செய்வதைப் பார்த்தார். திருநெல்வேலியிலோ நூறு வருஷத்துக்கு மேலாகக் கிறிஸ்தவம் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் சபையார் இருக்கிறார்கள். ஆனாலும் ஊழியம் என்றால் வெள்ளைக்காரன் பணம், வெள்ளைக்காரன் பொறுப்பு. அந்த வெட்கம் அவரைத் தூங்கவிடவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்தியர் நிர்வாகம், இந்தியர் ஊழியம். இந்த மூன்றிலிருந்தும் நகர மாட்டோம் என்று தொடங்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1905 கிறிஸ்துமஸ் அன்று, செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தொடங்கியது. அதிலும் அவர் முன்னால் நின்றார். சுதேசி என்ற முழக்கம் வங்காளத்தில் கிளம்பிய அதே வருஷம் அது.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டு அடுக்களையைக் காட்டுவேன். அடுப்புக்கு மேல் பலகையில் ஒரு பழைய டால்டா டின் இருக்கும். அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், களைந்த பிறகு அல்ல, களைவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி அள்ளி அந்த டின்னில் போடுவாள். வீட்டில் அரிசி தட்டாக இருக்கிற நாளில் அந்தக் கைப்பிடி சின்னதாகும், ஆனால் நிற்காது. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும், அங்கே ஏலம் விடுவார்கள், அந்தக் காசு சங்கத்துக்கு. பனையேறிகள் வீட்டிலிருந்து கருப்பட்டி வரும், கோழிமுட்டை வரும். இப்படிப்பட்ட காசில்தான் திருநெல்வேலிக்காரர்கள் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். பெரிய செக்குகளில் அல்ல.

அனுப்பிய இடம் நிஜாம் சமஸ்தானத்தில் டோர்ணக்கல். இன்றைக்குத் தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டம். டெல்லி போகிற வண்டிகள் விஜயவாடாவைத் தாண்டி, காசிப்பேட்டைக்கு முன்னால் கடந்துபோகிற ஒரு சந்திப்பு; சிங்கரேணி நிலக்கரி இறங்கும் கிளைப்பாதை அங்கே பிரிகிறது. சங்கத்தின் செயலாளராக இருந்துகொண்டு பாளையங்கோட்டையிலிருந்தே கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். பிறரைப் போகச் சொல்லிவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருப்பதா என்று கேட்டு, 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார், குருப்பட்டம் பெற்றார், மனைவி மக்களோடு அங்கே போய்ச் சேர்ந்தார். முதலில் கூடாரத்தில்தான் குடியிருந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துப் படித்தார். சுற்றுப்பயணம் மாட்டுவண்டியில், சைக்கிளில்.

அவர் போனது தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா சாதியாரின் சேரிகளுக்கு. திருநெல்வேலியில் பிறந்த ஒரு நாடார் கிறிஸ்தவர், தோல் வேலை செய்கிற மாதிகா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். அது மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாலாவுக்கும் மாதிகாவுக்கும் நடுவில் இருந்த பகை, ஊர்ச்சாதிக்கும் சேரிக்கும் நடுவில் இருந்ததற்குக் குறைந்ததல்ல. இரண்டு பேரும் ஒரே கோயிலில் உட்கார வேண்டும், ஒரே திருவிருந்தில் பங்கெடுக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைத்து, நான் பெற்றதை அடுத்தவருக்குச் சொல்லாவிட்டால் எனக்குக் கேடு என்று சொல்ல வேண்டும். இது அவர் ஏற்படுத்திய வழக்கம். கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர் என்ற உறவை முதல் நாளிலேயே உடைக்கிற வழி அது. நேற்று வரை ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவன், இன்று முதல் மற்றவருக்குச் சொல்கிறவன்.

எடின்பரோவிலிருந்து திரும்பி இரண்டு வருஷத்தில் அத்தியட்சர் பதவி வந்தது. சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட் பிடிவாதமாக நின்று அதை நடத்தினார். எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. ஒரு இந்தியருக்குக் கீழே ஐரோப்பியர் எப்படிப் பணிசெய்வது என்ற முணுமுணுப்பு. திருநெல்வேலி மிஷனெரிகளிடமிருந்தும் முட்டுக்கட்டை. கடைசியில் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் அவர் டோர்ணக்கல்லின் முதல் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். அத்தியட்சாதீனம் சின்னது, நிஜாம் சீமையில் ஒரு மூலை. சின்னது என்பதால்தான் கொடுக்கத் துணிந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். 1920-களின் தொடக்கத்தில் கிருஷ்ணா பகுதித் தெலுங்குச் சபைகளும் அவர் கையில் வந்தபோது, அது இந்தியாவின் பெரிய ஆங்கிலிக்கன் அத்தியட்சாதீனங்களில் ஒன்றாகிவிட்டது. 1924-ல் அவருக்குக் கீழே எட்டு ஆங்கிலேயக் குருமார், 53 இந்தியக் குருமார். முணுமுணுத்த காரியம் நடந்தது, வானம் இடிந்துவிடவில்லை.

இதில் எனக்கு ஆறாத ஒரு கணக்கு உண்டு. 1912-ல் ஒருவரை வைத்தார்கள். 1945-ல் அவர் இறக்கும்வரை, முழு அத்தியட்சாதீனத்தை ஆண்ட இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் வேறு யாரும் இல்லை. துணை பிஷப்மார் உண்டு; தனிப் பொறுப்பு ஒருவருக்கும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் அவர் தனி ஆளாகக் காட்சிப் பொருளாக இருந்தார். பாருங்கள், எங்களிடம் ஒரு இந்திய பிஷப் இருக்கிறார் என்று காட்டுவதற்கு ஒருவர் போதும் என்று வைத்துவிட்டார்கள். அவர் பிறந்த திருநெல்வேலிக்கோ, மோர்லி, வில்லியம்ஸ், வாலர், டப்ஸ், வெஸ்டர்ன், நீல், செல்வின் என்று வரிசையாக ஆங்கிலப் பெயர்கள்தான். திருநெல்வேலிக்கு முதல் இந்தியப் பேராயராக ஜெபராஜ் வந்தது 1953-ல், நாடு விடுதலையடைந்து ஆறு வருஷம் கழித்து. இதற்கு வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஆட்களும் தங்களுக்குள் இன்னொரு சாதிக்காரன் வருவதைவிட ஒரு துரை இருப்பது மேல் என்று நினைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. அந்த நினைப்பு இன்னும் எங்களிடம் இருக்கிறது, துரை மட்டும் இல்லை.

டோர்ணக்கல்லில் அவர் செய்த வேலையைப் பிரசங்கம் என்று சொல்வது பாதிதான். அழுக்கு, நோய், கடன், குடி என்று நாலு பேய்களைக் குறிவைத்தார். ஊர்தோறும் ஒரு வாத்தியார். 1930-களின் நடுவில் அப்படிப்பட்ட ஊர் ஆசிரியர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். மருத்துவ நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சுக்கூடம். இங்கே திருநெல்வேலியில் பழகிய கைப்பிடி அரிசி அங்கேயும் பழக்கமானது. கூலிக்காரனும் காணிக்கை கொடுக்க வேண்டும் என்பதில் அவர் கறார். கிறிஸ்தவக் கொடை பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம் பல மொழிகளில் போனது. ஏழையிடம் வாங்குவது பாவம் என்று மிஷனெரிகள் நினைத்தார்கள். வாங்காமல் இருப்பதுதான் அவமரியாதை என்று இவர் நினைத்தார்.

காந்தியோடு வந்த சண்டையும் இந்த இடத்திலிருந்துதான் வந்தது. 1930-களில் ஆந்திரத் தேசத்தில் சேரி சேரியாக ஜனங்கள் கிறிஸ்தவராகிக்கொண்டிருந்தார்கள். காந்தி இதை விரும்பவில்லை. 1936-ல் அமெரிக்க மிஷனெரித் தலைவர் ஜான் மாட்டிடம் பேசும்போது, பசுவிடம் போய் சுவிசேஷம் சொல்வீர்களா, புரிந்துகொள்வதில் சில தீண்டத்தகாதவர்கள் அதைவிட மோசம் என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். அது அவருடைய ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கிறது. காந்தியை மதிக்கிறவள் நான். அந்த வார்த்தையை மதிக்க முடியாது. தனக்கு எது நல்லது என்று ஒரு மாதிகாக் கூலிக்காரனுக்குத் தெரியும், அவன் யாரைக் கும்பிடுவது என்பதை அவனே தீர்மானிப்பான், அதற்குக் காங்கிரஸின் அனுமதியோ மிஷனெரியின் பணமோ தேவையில்லை என்பது அசரியாவின் நிலை. இந்தச் சண்டையில் நான் அசரியா பக்கம்.

ஆனால் அவரை வெள்ளைக்காரச் சர்க்காரின் ஆள் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுக்கிறோம் என்று அதே சர்க்கார் நீட்டியபோது, வேண்டாம் என்று எழுதியவர் அவர். திருச்சபை என்பது சட்டசபை நாற்காலி கேட்கிற இன்னொரு சாதிக் கூட்டமாகிவிடும் என்று பயந்தார். அந்தப் பயம் எவ்வளவு சரி என்று இன்றைக்கு எங்கள் திருமண்டலத் தேர்தல் நடக்கும்போது வந்து பார்க்கலாம்.

அம்பேத்கர் 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த பிறகு எல்லா மதத்தாரும் அவரைச் சூழ்ந்தார்கள். அசரியாவும் பேசினார். அப்போது அம்பேத்கர் கேட்டதாகத் திருச்சபை வட்டாரத்தில் ஒரு செய்தி வழங்குகிறது: நாங்கள் கிறிஸ்தவரானால் எங்கே இருந்தாலும் ஒரே சபையாக இருப்போமா, உங்கள் சபையில் சாதி இல்லாமல் இருக்குமா? ஆம் என்று சொல்ல முடியாமல் அவ்வளவு வெட்கப்பட்டதாக அசரியா சொன்னாராம். வேறு எந்தத் தலைவராயிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சமாளிப்பு வார்த்தை வந்திருக்கும்.

சபைகள் ஒன்றுபட வேண்டும் என்ற வேலையில் அவர் அதற்கு வெகு முன்பே இறங்கிவிட்டார். 1919-ல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று பிரிந்து கிடந்த சபைகளின் ஊழியர்கள் கூடினார்கள். அவர் தலைமை தாங்கினார். 1927-ல் லொசானிலும் 1930-ல் லாம்பெத்திலும் கூடிய திருச்சபை மாநாடுகளில் மேல்நாட்டார் முன்னால் அதே வழக்கைப் பேசினார். உங்களுக்கு இது விவாதம், எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை என்கிற தொனியில். இங்கிலாந்தில் யாரோ எந்தக் காலத்திலோ போட்ட சண்டைக்காக நெல்லூரில் ஒரு குடியானவன் ஏன் பிரிந்து நிற்க வேண்டும்? 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அவர் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதியே டோர்ணக்கல்லில் கண்மூடிவிட்டார்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுவோடு அங்கே போயிருந்தேன். பேராலயத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர் சட்டென்று பள்ளிவாசல் என்பார். கும்மட்டமும் ஸ்தூபிகளுமாக இருக்கும். உள்ளே போனால் கோயில் மண்டபம் போலக் கல்தூண்கள். செருப்பை வெளியே விட்டு, தரையில் உட்கார்ந்தோம். கட்டத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் இழுத்து, 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை ஆனது. பணம் வரும்போது கட்டினார்கள், வராதபோது நிறுத்தினார்கள். மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி, இங்கிலாந்துக் கோபுரம் மாதிரியே ஊசியாக ஏறும். அழகுதான், நான் வளர்ந்ததே அதன் நிழலில். ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த பையன் தானே ஒன்று கட்டும்போது இங்கிலாந்தைப் பார்க்கவில்லை. நிஜாம் சீமையில் தன்னைச் சுற்றி யார் இருக்கிறார்களோ அவர்களுடைய கட்டடங்களைப் பார்த்தார்.

அவரில் குறை இல்லையா? உண்டு. கண்டிப்பு அதிகம், அதிகாரத்தை இறுகப் பிடித்தவர் என்ற பேச்சு அவர் காலத்திலேயே இருந்தது. காங்கிரஸ் இயக்கத்திலிருந்து அவர் தள்ளி நின்றது பலருக்குப் பிடிக்கவில்லை. மதம் மாறியவர்களுக்கு நல்லது கெட்டது எல்லாவற்றையும் தாமே வரையறுத்துக் கொடுத்தார். தகப்பன் ஸ்தானத்தை விட்டு இறங்கவில்லை. நண்பர்களைக் கேட்டவர், தமக்குக் கீழே இருந்தவர்களுக்கு எவ்வளவு தூரம் நண்பராக இருந்தார் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். சட்டம் போட்ட படத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அதனால்தான் படம் வேண்டாம் என்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் நடக்கும். பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்து, பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் வெந்து, சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிடுவது. சின்ன வயதில் அதைவிடச் சந்தோஷமான நாள் எனக்கு இருந்ததில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு சபையில், நான் வேலைபார்த்த காலத்தில், கிழக்குத் தெருக்காரர்கள் சாப்பாட்டுக்கு உட்காரவே மாட்டார்கள். தூக்குச்சட்டி கொண்டுவந்து வாங்கிக்கொண்டு போவார்கள். ஏன் என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். “உக்காந்தா பக்கத்துல உள்ளவங்க எந்திரிச்சிருவாங்க டீச்சர், அந்தச் சங்கடம் எதுக்கு” என்றார். அதே சபையில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர். சேகர கமிட்டியில் அதைப் பேச முயன்றவர்களுக்கு, அது பழைய வழக்கம், கிளறாதீர்கள் என்று பதில் கிடைத்தது. அந்தக் கோயிலிலும் மிஷனெரி சங்கத்துக்குக் காணிக்கைப் பெட்டி உண்டு. டோர்ணக்கல்லில் இருக்கும் மாதிகாவின் ஆத்துமாவுக்குக் காசு போடுவார்கள், கிழக்குத் தெருவில் இருப்பவர் பக்கத்தில் இலை போட மாட்டார்கள்.

எல்லா சபையும் இப்படி இல்லை. சுவரை இடித்த சபைகளும் உண்டு, ஒரே பந்தியில் உட்காரும் சபைகளும் உண்டு. ஆனாலும் பேராயர் தேர்தல் வந்தால் எந்தப் பக்கம் எத்தனை ஓட்டு என்று சாதிக் கணக்குப் போடாத ஆள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அணி பிரிவார்கள், வழக்குப் போடுவார்கள்; கடைசியில் நீதிமன்றம் ஆள் நியமித்து நிர்வாகத்தைப் பார்க்க வேண்டியதாகிறது. எந்தக் கல்லூரி யார் கையில், எந்தப் பள்ளியில் யாருக்கு வேலை என்பதற்குத்தான் இவ்வளவும். கூடாரத்தில் குடியிருந்து தொடங்கியவர் பெயரை அந்த மேடைகளில்தான் உரக்கச் சொல்கிறார்கள்.

சிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடற்கரையில் இடமும் இல்லை. திருமண்டலத்தார்க்கு ஒரு வேண்டுகோள்: மிஷனெரி சங்க ஞாயிறு அன்று இங்கிருந்து ஒரு பிரசங்கியார் டோர்ணக்கல் கதையைச் சொல்வதற்குப் பதிலாக, அங்கிருந்து ஒரு மாதிகாக் குருவானவரைக் கூப்பிட்டு எங்கள் பிரசங்க பீடத்தில் ஏற்றுங்கள். திருவிருந்து அவர் கையால் நடக்கட்டும், அன்றைக்கு அசனமும் வையுங்கள். யார் உட்காருகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியட்டும். பாடநூல் கழகத்துக்கும் ஒன்று: கால்டுவெல் பாடத்துக்குப் பின்னால் அசரியாவுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். எடின்பரோவில் வெள்ளைக்காரரைக் கேட்டதை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மாலாவையும் மாதிகாவையும் ஒரே பாயில் உட்காரவைக்க அவர் பட்ட பாட்டையும் போடுங்கள். அதைப் படிக்கிற பிள்ளை வீட்டுக்குப் போய் ஏதாவது கேட்டால், பெற்றோர் வந்து ஆசிரியரிடம் சண்டை போடுவார்கள். ஆசிரியருக்குப் பக்கபலமாகத் தலைமையாசிரியர் நிற்க வேண்டும்.